பாலத்தைச் சுற்றிப் போகும் வழி

அந்தப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு ஆசிரியர்கள், இருபத்தாறு வகுப்புகள், ஒரே ஓர் ஆய்வுக்கூடம். இந்த மூன்றையும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் வாரத்தின் ஐந்து நாட்களுக்குள் அடக்கக்கூடிய ஆள் யார் என்று கேட்டால், தலைமையாசிரியர் முதல் மணியடிப்பவர் வரை எல்லோருடைய விரலும் ஒரே திசையில்தான் நீளும். அந்தத் திசையில், ஆசிரியர் அறையின் ஜன்னலோர மேசையில், நாற்பத்து நான்கு வயதுப் புவியியல் ஆசிரியை ஒருவர் பென்சில் சீவிக்கொண்டிருப்பார். அவருக்கு அட்டவணை டீச்சர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

டீச்சரிடம் பழுப்பு அட்டை போட்ட குறிப்பேடு ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், பாடநூலைப் பார்த்துத் தன் கைப்பட எழுதியது. அதன் பிறகு இருபத்திரண்டு ஆண்டுகளில் பாடநூல் இரண்டு முறை மாறியது, குறிப்பேடு மாறவில்லை. அதில் பதினோராம் பாடம் ‘நமது தலைநகரம்’. “ஆற்றின் குறுக்கே ஒன்பது வளைவுகள் கொண்ட கற்பாலம் அமைந்துள்ளது” என்று டீச்சர் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, வகுப்பு குனிந்து எழுதும். ஆண்டுத் தேர்வில் நான்காம் கேள்வி அதுதான். ஒன்பது என்று எழுதினால் இரண்டு மதிப்பெண்.

எழுதி முடித்ததும் டீச்சர் குறிப்பேட்டை மூடிவிட்டுக் குரலைத் தாழ்த்துவார். “நான் போயிருந்தப்போ அந்தப் பாலத்து மேல நின்னேன். என்ன காத்துங்கறீங்க! குடையை இறுக்கிப் பிடிச்சுக்கலைன்னா ஆத்தோட போயிருக்கும்.” மாணவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். மணியடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள்.

இப்படி ஏறக்குறைய மூவாயிரம் பேர் அந்தப் பாலத்துக்கு ஒன்பது வளைவு என்று படித்துத் தேறினார்கள். இன்று அவ்வூரின் தபால்காரருக்கும், மருந்துக்கடைக்காரருக்கும், நகராட்சி நடத்தும் வினாடி வினாவின் நடுவருக்கும் அது ஒன்பதுதான். பல் மருத்துவர் திருமணமான புதிதில் மனைவியோடு தலைநகரம் போனார். பாலத்தை எண்ணிப் பார்த்தார். ஒன்பது வரவில்லை. ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாகக் கண் மருத்துவரைப் போய்ப் பார்த்தார்.

இதில் ஒரே ஒரு சிக்கல்தான். டீச்சர் தலைநகரத்துக்குப் போனதே இல்லை.

போக இருந்தது உண்மை. கல்லூரியில் இரண்டாம் ஆண்டுச் சுற்றுலா. பெயர்ப் பட்டியலில் அவர் பன்னிரண்டாவது. புறப்படுவதற்கு முந்தின நாள் பொன்னுக்கு வீங்கி வந்து இரண்டு கன்னமும் உப்பிப்போக, பெட்டியைக் கட்டி வைத்த கையோடு படுத்துக்கொண்டார். மற்ற முப்பத்து நான்கு பேரும் போய் வந்தார்கள். மணிக்கூண்டின் முன்னால் வரிசையாக நின்று அவர்கள் எடுத்துக்கொண்ட குழுப்படத்தின் பிரதி ஒன்று, பட்டியலில் பெயர் இருந்த ஒரே காரணத்தால் அவருக்கும் வந்து சேர்ந்தது. கிழித்துப் போடவும் மனம் வரவில்லை, பார்க்கவும் மனம் வரவில்லை. பெட்டியின் அடியில் போட்டு வைத்தார்.

திருமணமாகி நான்காம் நாள் அந்தப் பெட்டியைக் கணவர் திறந்தார். அவர் கடைத்தெருவில் பிரேம் கடை வைத்திருப்பவர். எந்தப் படத்தைக் கண்டாலும் முகங்களைப் பார்ப்பதற்கு முன்னால் ஓரங்களை விரலால் அளப்பவர். படத்தை அளந்துவிட்டு, “இதுல நீ எங்க இருக்கே?” என்று கேட்டார். புதுப் பெண்டாட்டி, கன்னம் உப்பிய கதையைச் சொல்ல வெட்கம். “நான்தான் எடுத்தேன்” என்று சொல்லிவிட்டார். கணவர் படத்தைச் சற்று நேரம் பார்த்தார். மறுநாள் அதற்குக் கண்ணாடியும், ஓரங்களை மூடும் அட்டையும், மரச் சட்டமும் போட்டுக் கொண்டுவந்து கூடத்துச் சுவரில் மாட்டினார். ஒரு சின்னப் பொய்க்கு ஆணியும் அடித்தாகிவிட்டது. பிறகு அது இறங்கவே இல்லை.

அதுகூடப் போகட்டும். டீச்சரின் நெஞ்சில் முள்ளாகத் தங்கியது வேறொன்று. பதினான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு மாணவன் நான்காம் கேள்விக்கு ‘ஏழு’ என்று எழுதினான். டீச்சர் சிவப்பு மையால் அடித்துவிட்டு முட்டை போட்டார். அவன் விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு மேசைக்கே வந்துவிட்டான்.

“டீச்சர், நான் லீவுல போயிருந்தேன். எண்ணினேன். ஏழுதான் இருக்கு.”

வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

“நானும்தான் எண்ணினேன்,” என்றார் டீச்சர். “ஒன்பது. போய் உக்காரு.”

எண்ணினேன் என்ற அந்த ஒரு சொல்லுக்காக அவர் பின்னாளில் பல முறை உதட்டைக் கடித்துக்கொண்டார். ஆனால் மதிப்பெண்ணைத் திருத்தவில்லை.

மகள் பள்ளிப் படிப்பை முடித்து, வெளியூர்க் கல்லூரி விடுதிக்குப் போக ஒரு மாதம் இருந்தபோதுதான் வீட்டில் அந்தப் பேச்சு எழுந்தது. நால்வருமாகச் சேர்ந்து மூன்று நாள் எங்காவது போய் வரலாம். இனி இப்படி ஒரு வாய்ப்பு எப்போது அமையுமோ. எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொன்னவர், மாடி அறையில் குடியிருக்கும் கொழுந்தன். அவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுபவர். தன் கண்ணால் படித்த எண்ணைத் தவிர வேறு எதையும் நம்பாதது தொழில் தந்த குணம்.

“தலைநகரத்துக்கே போயிடலாம். கைடுகூட வேண்டாம். அண்ணிதான் போயிருக்காங்களே!”

“ஆமாம்மா! நீயே சுத்திக் காட்டு,” என்று மகள் துள்ளினாள்.

 வேண்டாம் என்று சொல்ல டீச்சரிடம் காரணம் ஒன்றும் இல்லை. மகளின் முகத்தைப் பார்த்தபின் தேடவும் தோன்றவில்லை. எனவே தனக்குத் தெரிந்த ஒரே தற்காப்பைக் கையிலெடுத்தார். அட்டவணை போட உட்கார்ந்தார்.

கைப்பேசி என்பது பெரிய மனிதர்களின் சட்டைப்பையில் மட்டும் இருந்த காலம் அது. சந்தேகம் வந்தால் தட்டிப் பார்க்க வழியில்லை. டீச்சருக்கு உதவியாக இருந்தவை மூன்று: பழுப்புக் குறிப்பேடு, பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து வந்த பழைய மடிப்பு வரைபடம், நால்வருக்கும் நான்கு நிறப் பென்சில்கள். நாளொன்றுக்கு எட்டுப் பாடவேளை, ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம். அருங்காட்சியகத்துக்கு மட்டும், ஆய்வுக்கூட வகுப்பைப் போல, இரண்டு பாடவேளை சேர்த்து. யாருக்காவது தலைவலி வந்துவிட்டால் அவருக்குப் பதிலாகப் பெட்டியைத் தூக்க வேண்டியவர் யார் என்றுகூடக் கீழே ஒரு பட்டியல் இருந்தது.

இத்தனை நிறங்களுக்கும் கட்டங்களுக்கும் நடுவே, யார் கண்ணுக்கும் படாமல், ஒரே ஒரு விதி மறைந்திருந்தது. மூன்று நாட்களில் எந்தப் பாடவேளையிலும் எவரும் அந்தப் பாலத்தைப் பார்த்துவிடக் கூடாது. பாலத்தைப் பார்த்தால் எண்ணுவார்கள். எண்ணினால் ஏழு வரும். ஏழு வந்தால், ஒன்பது எண்ணிய கதை போகும். அதன் பின்னாலேயே காற்று போகும், குடை போகும், சுவரில் இருபது ஆண்டுகளாகத் தொங்கும் படமும் போகும்.

பாலமோ நகரத்தின் நட்டநடுவில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தாம் வரைவு உணவு மேசைமீது விரிக்கப்பட்டது. சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலைகளிலும் நான்கு தேநீர்க் கோப்பைகள்.

“அண்ணி, ஒரு சந்தேகம்,” என்று கொழுந்தன் ஆரம்பித்தார். “ரெண்டாம் நாள் மூணாவது பீரியடு லைப்ரரின்னு போட்டிருக்கீங்க. அவ்வளவு தூரம் போய் லைப்ரரில என்ன பண்றது?”

“அது ஓய்வு தம்பி. உங்க அண்ணனுக்குக் கால் வலிக்கும்ல.”

“அப்போ ஓய்வுன்னே போடலாமே?”

“ஓய்வுன்னு போட்டா யாராவது அதுல வேற வேலையைக் கொண்டுவந்து வச்சுடுவாங்க.” இது இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் பேசிய பேச்சு.

மகள் பச்சைக் கட்டங்களை விரலால் தொடர்ந்துகொண்டே வந்தாள். “பாத்ரூமுக்குக் காலையில பத்து நிமிஷம், மத்தியானம் பத்து நிமிஷம். நடுவுல வந்தா என்னம்மா பண்றது?”

“கையைத் தூக்கிக் கேட்டுட்டுப் போகலாம்.” டீச்சர் இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

“சாயங்காலம் மணியடிச்சதும் தேசிய கீதமா, இல்ல நேரா ரூமுக்கா?” என்றார் கொழுந்தன். கணவருக்குச் சிரிப்பில் தேநீர் புரையேறியது.

கொழுந்தன் சிரிக்க வைப்பதோடு நிறுத்துகிறவர் அல்லர். வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்து, சட்டைப்பையிலிருந்த நூலை எடுத்து அளக்கத் தொடங்கினார்.

“நாம தங்குற இடம் இங்க. மியூசியம் இங்க. நடுவுல ஆறு, ஆத்து மேல பாலம். நடந்தாலே பத்து நிமிஷம்தான். நீங்க என்ன போட்டிருக்கீங்க? பஸ் ஏறி வடக்கு ஸ்டேஷன், அங்கேர்ந்து படகுத்துறை, படகுல அந்தக் கரை, மறுபடி பஸ் பிடிச்சுத் தெற்கே. ரெண்டு பீரியடு இதுக்கே போச்சு! ஏன் அண்ணி இப்படித் தலையைச் சுத்தி மூக்கைத் தொடணும்?”

“பாலத்துல காத்து ஜாஸ்தி.”

“அதைத்தானே பாக்கப் போறோம்! உங்க கிட்ட அந்தக் காத்தைப் பத்திக் கேட்டுக் கேட்டே எனக்கு வருஷா வருஷம் ஜலதோஷம் பிடிக்குது.”

“கூட்டமும் அதிகமா இருக்கும்.”

“பாலத்துல கூட்டம் இல்லாம, லைப்ரரிலயா கூட்டம் இருக்கும்?”

“நான் ஒன்பது வளைவையும் எண்ணியே ஆகணும்,” என்று மகள் மேசையைத் தட்டினாள். கோப்பைகள் குலுங்கின. “அப்புறம் இந்தப் படத்தைக் கையோட எடுத்துட்டுப் போறோம். மணிக்கூண்டு முன்னாடி நீங்க மூணு பேரும் நில்லுங்க. அம்மா அன்னிக்கு நின்ன இடத்துலயே நின்னு நான் எடுக்கறேன்.”

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். அதுவரை ஒன்றும் பேசாமலிருந்த கணவர், கோப்பையைக் கீழே வைத்தார்.

“படம் எதுக்கும்மா? கண்ணாடி உடைஞ்சுடும்,” என்றார். கூட்டத்தில் அவர் சொன்ன கருத்து அது ஒன்றுதான்.

தீர்மானம் எட்டப்பட்டது. டிக்கெட்டை டீச்சர் எடுப்பது. பாலத்தை அட்டவணையில் சேர்ப்பது. அதை அவர் தலையசைத்து ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்ட மாத்திரத்திலேயே அதிலிருந்து நழுவும் வழியையும் யோசித்துவிட்டார். ரயில் வடக்கு ஸ்டேஷனில் நின்றால் போதும். அங்கேயே தங்க இடம் பிடித்துக்கொண்டு, மூன்று நாளையும் வடக்கிலேயே ஓட்டிவிடலாம்.

ஊரில் பயண முகவர் ஒருவர்தான். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மூன்று ஆண்டுகளுக்கு முன் கடை திறந்தவர். டீச்சர் அந்த மூன்று ஆண்டுகளும் எதிர்ப்பக்க நடைபாதையிலேயே போய் வந்துகொண்டிருந்தார். காரணம், கடையின் நெற்றியில் இருந்த பலகை. அதில் ஆளுயர எழுத்துகளில், ‘பாலத்துக்கு எத்தனை வளைவு? எங்களோடு வந்து எண்ணிப் பாருங்கள்!’ என்று எழுதியிருந்தது. அதை எழுதி வைத்தவன் யார் என்று டீச்சருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் முதல் முறையாகச் சாலையைக் கடந்தார்.

“வாங்க டீச்சர்! உக்காருங்க!” முகவன் துள்ளி எழுந்தான். இருபத்தேழு வயது, மடிப்புக் கலையாத சட்டை. “நீங்க ஒருநாள் வருவீங்கன்னு மூணு வருஷமா இந்த நாற்காலியைத் துடைச்சு வச்சிருக்கேன்.”

டீச்சர் உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில், அவன் தலைக்கு மேலே, பிரேம் போட்ட விடைத்தாள் ஒன்று தொங்கியது. நான்காம் கேள்வி. ‘ஏழு’. அதன்மேல் சிவப்புக் கோடு, பக்கத்தில் முட்டை, ஓரத்தில் ‘பாடத்தை ஒழுங்காகப் படிக்கவும்’. தன் கையெழுத்து இவ்வளவு அழகாக இருக்கும் என்று டீச்சர் நினைத்ததில்லை.

“இதை எதுக்குப்பா இங்க மாட்டி வச்சிருக்கே?”

“விளம்பரம் டீச்சர். இதைப் பாத்துட்டுத்தான் பாதிப் பேர் டிக்கெட் எடுக்கறாங்க. ஏழா ஒன்பதான்னு பந்தயம் கட்டிட்டுப் போறாங்க.”

“போய்ட்டு வந்து என்ன சொல்றாங்க?”

“அதுதான் வேடிக்கை. உங்க கிட்டப் படிச்சவங்க எல்லாம் ஒன்பதுன்னே சொல்றாங்க. இத்தனை பேர் சொல்லவும், எனக்கே இப்போ லேசா சந்தேகம் வந்துடுச்சு.” அவன் குத்திக்காட்டுகிறானா, உண்மையாகவே வருந்துகிறானா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. “பிரேம் நல்லா இருக்குல்ல? உங்க வீட்டுக்காரர்தான் போட்டுக் கொடுத்தார். பேப்பரை ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தார். கீழ்ப்பக்க அட்டையைக் கொஞ்சம் அகலமா வச்சுக்கட்டுமா, கையெழுத்து மறையும்னு கேட்டார். நானும் சரின்னுட்டேன். யார் திருத்தின பேப்பர்னு இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது.”

டீச்சர் மறுபடி பார்த்தார். தான் வழக்கமாகக் கையொப்பம் இடும் இடத்தில் வெறும் வெள்ளை அட்டைதான் இருந்தது. மூன்று ஆண்டுகளாகக் கணவருக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று ஆண்டுகளாக அவர் ஒரே மேசையில் உட்கார்ந்து, காற்றையும் குடையையும் பற்றிக் கேட்டுக்கொண்டே தேநீர் குடித்திருக்கிறார்.

“வடக்கு ஸ்டேஷனுக்கு நாலு டிக்கெட்,” என்றார் டீச்சர். 

“வடக்கு ஸ்டேஷனா? அதை மூடி ஆறு வருஷமாச்சு டீச்சர். இப்போ வெங்காயக் குடோன்.”

“படகுத்துறை?”

“படகும் இல்லை. எப்படிச் சுத்தினாலும் பாலத்துக்கிட்டதான் வந்தாகணும். ரயிலே அதுக்குப் பக்கத்துல ஒட்டினாப்புலதான் ஆத்தைத் தாண்டுது. இடப்பக்க ஜன்னலாப் பாத்து நாலு சீட்டு போட்டுடறேன். ஒவ்வொரு வளைவும் கண்ணு முன்னாடியே வரும்.”

“நாளைக்குச் சொல்றேன்பா,” என்று டீச்சர் எழுந்துவிட்டார்.

வீடு போய்ச் சேருவதற்குள் முடிவு செய்தாகிவிட்டது. பயணம் இல்லை. மறுதேர்வு விடைத்தாள்கள் வந்து குவிந்துவிட்டன, தலைமையாசிரியர் விடுப்புத் தரவில்லை. மகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். பிறகு விடுதிக்குப் போய்விடுவாள்.  வாசலில் செருப்பைக் கழற்றும்போது, ‘என்ன பண்றது, வேலை அப்படி’ என்ற வாக்கியத்தை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார்.

உள்ளே மூவரும் உணவு மேசையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். மேசைமேல் சட்டம் தனியாக, கண்ணாடி தனியாக, அட்டை தனியாக. நடுவில் மணிக்கூண்டுப் படம். கண்ணாடி உடைந்துவிடும் என்ற அப்பாவின் கவலையைத் தீர்க்க, மகள் படத்தை மட்டும் கழற்றி எடுத்திருந்தாள். இருபது ஆண்டுகளாக அட்டைக்கு அடியில் இருந்த கீழ்ப்பக்கம், இரண்டு விரல் அகலத்துக்கு, பழுப்பேறாமல் பளிச்சென்று இருந்தது. அந்தப் பளிச்சென்ற பட்டையில், முன்வரிசைப் பெண்களின் காலடி வரைக்கும் ஒரு நிழல் நீண்டு கிடந்தது. படம் எடுத்தவரின் நிழல். அகன்ற தோள், இரண்டு கால்சட்டைக் கால்கள், தலையில் தொப்பி.

“அண்ணி, அந்தக் காலத்துல நீங்க தொப்பி போடுவீங்களா?” என்று கொழுந்தன் கேட்டார். மீட்டரில் விசித்திரமான எண்ணைப் பார்த்துவிட்ட முகம்.

“போட்டிருப்பா,” என்று கணவர் முந்திக்கொண்டார். “வெயில்ல. ஏன், போடக் கூடாதா?”

“பேன்ட்டுமா அண்ணா?”

“காத்துல பாவாடை அப்படித் தெரிஞ்சிருக்கும்.”

“தோள் இவ்வளவு அகலமாவா?”

“பொன்னுக்கு வீங்கி வந்தா தோளும்தான் வீங்கும்!” என்றார் கணவர். சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. காதுமடல் சிவந்துவிட்டது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், ஆணியை அடிக்கப் போய்ச் சுவரையே பெயர்த்துவிட்டார்.

டீச்சர் அவரைப் பார்த்தார். பொன்னுக்கு வீங்கியைப் பற்றி அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. தன் அம்மா சொல்லியிருக்க வேண்டும், எப்போதோ. தெரிந்திருந்தும், தனக்காக, இவ்வளவு மோசமாகப் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறார். நாவின் நுனிவரை வந்திருந்த மறுதேர்வு விடைத்தாள்கள் அப்படியே உள்ளே போயின.

“அது நான் இல்லை,” என்றார். “நான் போகவே இல்லை. அன்னிக்கும் போகலை, அதுக்கப்புறமும் போகலை.”



“அப்போ பாலத்து மேல காத்து?” என்றார் கொழுந்தன்.

“ஆறு இருந்தா காத்து இருக்கும்ல.”

“குடை?”

“அது நானாப் போட்டது.”

மகள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். “அம்மா! நானும் உன்கிட்டதானே படிச்சேன்? நாலாவது கேள்வி. ஒன்பதுன்னு எழுதினேன். ரெண்டுக்கு ரெண்டு போட்டியே!”

“போட்டேன்.”

“அப்போ அந்த டிக்கெட் கடைச் சுவர்ல தொங்கறது நீ போட்ட முட்டைதானா? எண்ணினவனுக்கு முட்டை, எண்ணாதவங்களுக்கு முழு மார்க்கா?”

 கொழுந்தன்தான் முதலில் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. பிறகு மகளுக்கும் தொற்றிக்கொண்டது. “சித்தப்பா, அந்தப் பல் டாக்டர் பாவம், கண்ணாடி வேற போட்டுட்டாராமே!” என்றதும் இருவரும் மேசைமேலேயே கவிழ்ந்துவிட்டார்கள். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. அசடு வழிய நின்றுகொண்டிருந்தார்.

கணவர் அட்டையை எடுத்து அதன் அகலமான கீழ்ப்பக்கத்தைத் துடைத்தார்.

“எப்போலேர்ந்து தெரியும்?” என்று டீச்சர் மெல்லக் கேட்டார்.

“நாலாம் நாள்லேர்ந்து. நிழல்தான் முதல்ல கண்ணுல பட்டுது.”

“அப்புறம் ஏங்க ஒரு வார்த்தை கேக்கலை?”

“கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லணும். உனக்கு இந்த ஒண்ணுக்கே இவ்வளவு வேலை.” ஐந்தாம் வரைவைக் கண்ணால் காட்டினார். “அட்டையில ரெண்டு விரல் கூட்டி வச்சா முடிஞ்சுது.”

அன்று மாலையே ஆறாம் வரைவு தயாரானது. முதல் நாள், முதல் பாடவேளை: பாலம். நான்கு நிறங்களும் ஒரே கட்டத்தில். மற்றக் கட்டங்கள் பெரும்பாலும் வெள்ளையாகவே விடப்பட்டன. பள்ளிக்கூட வரலாற்றில் டீச்சர் அப்படி ஓர் அட்டவணை போட்டதில்லை. கழிப்பறை இடைவேளை மட்டும் நீக்கப்படவில்லை.

மறுநாள் முகவன் கடையில் அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

“தம்பி, அன்னிக்கு நானும் எண்ணினேன்னு சொன்னேன்ல. அது பொய். நான் அந்தப் பாலத்தைப் பார்த்ததே இல்லை.”

 பதினான்கு ஆண்டுகளாக இந்த ஒரு வாக்கியத்துக்குத் தயாராக இருந்தவன் அவன். அது வந்து நின்றபோது என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் மேசை இழுப்பறையிலிருந்து சிவப்புப் பேனா ஒன்றை எடுத்து நீட்டினான்.

“அப்போ ரெண்டு மார்க், டீச்சர்?”

டீச்சர் பேனாவை வாங்கவில்லை. “எண்ணாம எப்படிப் போடறது? போய்ட்டு வந்து போடறேன்.”

“பதினாலு வருஷமாச்சு டீச்சர்!”

“பதினாலு வருஷம் இருந்தே. இன்னும் பத்து நாள் இருக்க மாட்டியா?”

அவன் தலையில் அடித்துக்கொண்டு, இடப்பக்க ஜன்னலாக நான்கு டிக்கெட்டுகளைக் கிழித்துக் கொடுத்தான்.

பத்தாம் நாள் காலை, ரயில் ஆற்றை நெருங்குமுன்னே டீச்சர் கைப்பையைத் திறந்து ஆளுக்கொரு துண்டுச் சீட்டும் பென்சிலும் கொடுத்தார்.

“பார்த்ததும் எழுதணும். வாயைத் திறக்கக் கூடாது. ஒருத்தர் பேப்பரை ஒருத்தர் எட்டிப் பார்க்கக் கூடாது.”

“பிட்டு அடிச்சா?” என்றார் கொழுந்தன்.

“வெளியே அனுப்பிடுவேன்.”

“ஓடற ரயில்லேர்ந்தா அண்ணி?”

ரயில் வளைந்தது. மரங்கள் விலகின. பாலம் வந்தது. கல், வளைவு, நிழல், மறுபடி கல். ஒரு வளைவின் பாதியை மரக்கிளை மறைத்தது. மறுகரையில் ஒன்றின் கீழே யாரோ சுவர் எழுப்பியிருந்தார்கள். எண்ணி முடிப்பதற்குள் ரயில் நிலையத்தின் கூரைக்குள் புகுந்து இருட்டாகிவிட்டது.

டீச்சர் சீட்டுகளை வாங்கிப் பிரித்தார். மகள் எட்டு என்று எழுதியிருந்தாள். கொழுந்தன் ஏழு, ‘பாதி வளைவுக்கு ரீடிங் கிடையாது’ என்று அடிக்குறிப்பு வேறு. கணவர் ஒன்பது. “இது என்னங்க, இப்பவுமா?” என்று டீச்சர் கேட்க, “சத்தியமா எண்ணினேன்” என்றார் அவர். அவரை யாரும் நம்பவில்லை.

“உன்னோடது எங்கம்மா?” என்று மகள் கையை நீட்டினாள்.

டீச்சர் தன் சீட்டைப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. பென்சில் முனை மழுங்கவில்லை. பாலம் ஜன்னலைத் தாண்டிய அவ்வளவு நேரமும், ஆற்றின்மேல் அடித்த காற்று தண்ணீரைச் சுருக்கம் சுருக்கமாக மடித்துக்கொண்டு போனதை அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார். எண்ண வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

“என்ன அண்ணி, வெத்துப் பேப்பரா?” கொழுந்தனுக்குக் கொண்டாட்டம். “இதுக்கு என்ன மார்க்?”

“பாலத்து மேல ஒருத்தன் குடை பிடிச்சுட்டு நடந்துட்டு இருந்தான்,” என்றார் டீச்சர். “பாத்தீங்களா? குடை மேல் பக்கமா மடங்கிப் போச்சு. உண்மையாவே அவ்வளவு காத்து.”

பெட்டிகளை இறக்கி வைத்ததும் நடைமேடைப் பலகையில் உட்கார்ந்து, பழுப்புக் குறிப்பேட்டில் பதினோராம் பாடத்தைத் திறந்தார். ஒன்பது என்ற சொல்லின் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் ஓர் எண் எழுதும் அளவுக்குச் சின்னக் கட்டம் போட்டு, அதைக் காலியாக விட்டார்.

“நடந்தே போய் எண்ணிடலாம் வா,” என்று கணவர் பெட்டியைத் தூக்கினார்.

“முதல் பீரியடே அதுதானே,” என்று டீச்சர் எழுந்தார். “மணியடிக்க இன்னும் மூணு நிமிஷம் இருக்கு.”